மாப்பியாரேயின் ஒரு வாய்த் தண்ணீர்

வருஷக் கடைசிக்குள் ஊர் விவரப் படிவம் ஒன்றை நிரப்பி வட்டார அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். என்னை ஊர்ச் செயலாளர் என்று உட்கார வைத்ததே அதற்குத்தான். எத்தனை வீடு, எது எந்தக் குடியிருப்பில், வயல் எவ்வளவு, படகு எத்தனை. மற்ற ஊர்ச் செயலாளர்கள் போன வருஷத்துத் தாளைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எங்கள் ஊர் லாப்போசேயில் வீடுகள் ஒரு இடத்தில் நிற்பதில்லை. ஏரிக்கரையில் என்று நான் எழுதிய வீடு, மை காய்வதற்குள் ரோட்டோரம் நிற்கும். தூண்மேல் நிற்கிற மரவீடுதானே. இடம் பிடிக்கவில்லை என்றால் அடியில் மூங்கில் கட்டி, ஊரே தோள் கொடுத்து முழுசாகத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

இந்தத் தலைவலிக்குப் பாதிக் காரணம் மாப்பியாரே என்கிற ஒரே ஆள். படிவத்தில் தொழில் என்ற இடத்தில் அவருக்கு மீனவர் என்று எழுதுகிறேன். வலை இருக்கிறது, படகு இருக்கிறது, எப்போதாவது மீனும் அகப்படும். ஆனால் அவருடைய உண்மையான வேலை கத்துவது. வீட்டுக்கடியில் நிற்கிற எண்பது பேருக்கு ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. எல்லோரும் ஒரே மூச்சில் தூக்க வேண்டுமென்றால் வெளியே ஒருத்தர் நின்று குரல் கொடுக்க வேண்டும். முப்பது வருஷமாக அந்தக் குரல் அவருடையது. மரியாதையாகச் சொன்னால் எவனுக்கும் முதுகு நிமிராது என்பது அவர் கொள்கை.

"ஏய் பச்சோ, உன் மாமியார் பாத்துக்கிட்டு நிக்குது. முக்கறது போதும், தூக்கு."

"ஹாஜியாரே, மெக்கா வரைக்கும் போயிட்டு வந்த காலு, இந்த வாய்க்காலைத் தாண்ட மாட்டேங்குதா?"

எனக்கும் கிடைத்திருக்கிறது. "செயலாளர் தம்பி, அது பேனா இல்ல, மூங்கிலு. ரெண்டு கையாலயும் பிடி."

சிரிக்கிற சிரிப்பில் வீடு தானாக மேலே வந்துவிடும். ஆனால் நாலு வருஷத்துக்கு முன் ஒரு நாள், "லசாகா தூக்கறானா, தொங்கறானா?" என்று கேட்டுவிட்டார். லசாகா சாது. அதிர்ந்து பேசாதவர். அன்றிலிருந்து ஊருக்கு அவர் 'தொங்கி லசாகா' ஆகிவிட்டார். சின்னப் பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிட்டன. அவர் மாப்பியாரேயிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார். அவருக்கு ஐந்து மகன்கள், மூன்று மருமகன்கள். ஒவ்வொருத்தரும் எருமைக்கடா மாதிரி இருப்பார்கள். அவர்கள் இல்லாமல் எங்கள் ஊரில் எந்தப் பெரிய வீடும் அசைந்ததில்லை.

இந்த வருஷம் மாப்பியாரேயின் வீட்டையே தூக்க வேண்டி வந்தது. ஏரி இரண்டு தடவை ஏணியில் ஒன்பதாம் படி வரைக்கும் ஏறியது. அவர் மனைவி சென்னாங் அக்கா படியிலிருந்து வழுக்கிப் படகுக்குள் விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டாள். மேட்டில், ரோட்டோரமாக, அவள் தம்பி இடம் கொடுத்தான். லசாகா வீட்டுக்கு அடுத்த மனை. வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தார்கள். மலைப்பக்கம் மழை பிடித்துவிட்டது. அந்த வெள்ளியை விட்டால் வழியெல்லாம் தண்ணீர்தான்.

வியாழக்கிழமை மாப்பியாரே என் அலுவலகத்துக்கு வந்தார்.

"தம்பி, நாளைக்கு எத்தனை பேரு வருவாங்க?"

"என்னை ஏண்ணே கேக்கறீங்க? உங்க வாயைக் கேளுங்க."

நான் நீட்டிய கிராம்பு சிகரெட்டைக்கூட எடுக்காமல் எழுந்து போனார். நாக்கைக் கடித்துக்கொண்டேன். பாவம், பயந்து போயிருந்தார் மனுஷர்.

மறுநாள் தொழுகை முடிந்து போனேன். மூங்கிலெல்லாம் கட்டி, சாமான்களை இறக்கி வைத்திருந்தார்கள். நூறு பேருக்குப் பச்சைப்பயறுக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. வந்திருந்தவர்கள் பதினோரு பேர். "என்னக்கா, கால் எப்படி இருக்கு?" என்று கேட்டேன். சென்னாங் அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். கோபம் போல, இருக்காதா என்று நினைத்துக்கொண்டேன்.

அரைமணி கழித்து மசூதிச் சந்திலிருந்து கூட்டமாக வந்தார்கள். முன்னால் லசாகா.

"லேட்டாயிடுச்சு, கோவிச்சுக்காதீங்க," என்றார் பொதுவாக. "இவரு வீட்டுக்கு இன்னைக்குக் குரல் கொடுக்கறது யாருன்னு எண்பது பேரும் சண்டை. கடைசியில எனக்குத்தான் உரிமை அதிகம்னு விட்டுக்கொடுத்துட்டாங்க."

மாப்பியாரே முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஏனென்றால் எங்கள் வழக்கப்படி, வீட்டுக்குரியவர் வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு முன்னால் நடக்க வேண்டும். அதைப் புது இடத்தில் நடுத்தூணின் காலில்தான் உமிழ வேண்டும். அப்போதுதான் வீடு குளிர்ந்திருக்கும். வழியில் சிந்தினால் வீட்டைத் திருப்பிக் கொண்டுபோய்ப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, அடுத்த வெள்ளி வரை காத்திருக்க வேண்டும்.

அவர் தண்ணீரை வாயில் வாங்கிக்கொண்டார். லசாகா தொண்டையைச் செருமினார்.

"அன்புள்ள அண்ணன் தம்பிகளே, தயவுசெஞ்சு எல்லாரும் சேர்ந்து..."

வீடு இம்மியும் அசையவில்லை. அடியிலிருந்து ஹாஜியார் கேட்டார்: "என்ன லசாகா, கல்யாணப் பத்திரிகையா வாசிக்கற?"

லசாகா குரலை உயர்த்தினார்.

"இந்த வீடு ஏன் இந்தக் கனம் கனக்குது தெரியுமா? முப்பது வருஷமா இவரு பேசின பேச்செல்லாம் உள்ளேயே கிடக்கு."

வீடு எழும்பிவிட்டது. அப்புறம் வழியெல்லாம் ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். "மாமா, உடம்பு சரியில்லையா, பேசவே மாட்டேங்கறீங்க?" "அண்ணே, மாமியார் பாக்குதான்னு கேட்டுச் சொல்லுங்க." நானும் விடவில்லை. "அண்ணே, இன்னைக்கு நான் ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கேன்." உப்பிய கன்னத்தோடு, கண் சிவந்து, அவர் நேரே பார்த்து நடந்தார். தாங்கிக்கொண்டுவிட்டார் என்றுதான் நினைத்தோம்.

வாய்க்காலில் வீடு நின்றது. சேற்றில் கால் புதைந்து எல்லோருக்கும் தொடை நடுங்கியது. லசாகா கரையில் ஏறி நின்று கத்தினார்:

"தொங்கி நான் வெளியே நிக்கறேன். அப்ப உள்ளே தொங்கிக்கிட்டு இருக்கறது யாருடா?"

எண்பது பேர் சிரித்ததில் வீடு வாய்க்காலைத் தாண்டிவிட்டது. மாப்பியாரேயும் சிரித்துவிட்டார். தண்ணீர் முழுக்க லசாகாவின் சட்டைமேல்.

எல்லாக் கால்களும் நின்றன. "திரும்பணுமா?" என்றார் ஹாஜியார், ஏரிப்பக்கம் பார்த்துக்கொண்டே. மழை அங்கே இறங்கிவிட்டிருந்தது. மாப்பியாரே ஈர மோவாயோடு நின்றார். வாய் காலியாக இருந்தும் அவருக்குப் பேச்சு வராமல் நான் பார்த்தது அன்றுதான்.

அப்போது பின்னாலிருந்து சென்னாங் அக்கா நொண்டிக்கொண்டே முன்னுக்கு வந்தாள். எங்களுக்கு நேரே நின்று, ஒரு விரலால் தன் கன்னத்தைத் தட்டிக் காட்டினாள். கன்னம் உப்பியிருந்தது. வீடு என்ன அவருக்கு மட்டுமா உரியது?

அதற்குப் பிறகு யாரும் எங்களுக்குக் குரல் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. புது மனையில் வீட்டை இறக்கி வைத்தோம். லசாகா சட்டையைப் பிழிந்துகொண்டே, "பக்கத்து வீட்டுக்காரரே, முதல் மரியாதை நல்லாத்தான் இருக்கு," என்றார். மாப்பியாரே அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

சென்னாங் அக்கா நடுத்தூணின் காலில் தண்ணீரை உமிழ்ந்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"காலையிலேருந்து வச்சிருக்கேன், தாடையெல்லாம் வலிக்குது," என்றாள். "முப்பது வருஷம் கூட வாழ்ந்திருக்கேன். இவரு வாயை நம்பி வீட்டைத் தூக்கக் கொடுப்பேனா?"

சொல்லிவிட்டுக் கஞ்சி ஊற்றப் போனாள்.