தேயிலைப் பெட்டியில் தோட்டம் வரை

அன்று காலை கண்டி மஹய்யாவையில் எங்கள் வாசலில் நின்றவர்கள்: நான். என் மனைவி லூர்து. எதிர்க் கடை காசிம் நானா. அவ்வளவுதான். மற்றவர்கள் மழைக்குப் பயந்து உள்ளே இருந்தார்கள்.

நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில். சனிக்கிழமை. தலாத்துஓயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர் தேடினார்கள். பத்து மணிக்குத் துரையைப் பார்க்க வேண்டும். லூர்து கன்னியர் மடத்தில் படித்தவள். நான் சைக்கிள் திருத்துகிறவன். வேலை கிடைத்தால் அவள் தோட்டத்திலேயே தங்க வேண்டும். கிடைக்காவிட்டால் என்னோடு திரும்பி வருவாள். இதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

வண்டி உலகச் சண்டைக்குப் போய்வந்த பழைய மோட்டார் சைக்கிள். சங்கிலி கிடையாது, பெல்ட்தான். பக்கத்தில் ஆள் உட்காரும் தொட்டியை நானே செய்தேன். இரும்புக் கட்டில் சட்டம், உருள ஒரு ரிக்‌ஷா சில்லு, அதன்மேல் தேயிலைப் பெட்டி. பெட்டிக்குள் ஈயத்தாள் ஒட்டியிருக்கும், தண்ணீர் புகாது. அடியில் தேங்காய்த் தும்பு மெத்தை. செய்து முடிக்க மூன்று ஞாயிறு பிடித்தது.

மழைக்கு உடுப்பு விஷயம் அதைவிடக் கஷ்டம். ஒரு துரையின் சமையல்காரரிடம் பழைய தோல் கோட்டு வாங்கினேன், ஆறு ரூபாய். வண்டி ஓட்டும்போது போடும் கண்ணாடி இரண்டேகால். கோட்டை லூர்துக்குப் போட்டுப் பார்த்தேன்.

"இதப் போட்டுட்டுப் போனா என்னையத் துரைன்னு நெனச்சு எந்திரிச்சு நிப்பாங்க. வேல எப்பிடிக் குடுப்பாங்க?" என்றாள்.

அவள் கம்பளி எடுத்தாள். தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்கள் மழைக்குப் போடும் அதே கறுப்புக் கம்பளி. கோட்டு எனக்கு வந்தது.

ஏழு மணி. புறப்பட்டோம். அதற்கு முன் காசிம் நானா ஒரு பொட்டலத்தைப் பெட்டிக்குள் போட்டார்.

"என்ன நானா?"

"சாம்பிராணி. மழயில பெல்ட் வழுக்கும். இடிச்சுத் தூவுங்க, புடிச்சுக்கும்."

"வேலை செய்யுமா?"

"செய்யாட்டி வழியில மணமாச்சும் இருக்கும்."

டவுன் ஒரு மைல். குளத்தைச் சுற்றினோம். அம்பிட்டிய ஏற்றத்தில் மழை பிடித்தது. எஞ்சின் கத்தியது, வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. பெல்ட் சும்மா சுற்றியது. லூர்து இறங்கி, சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள். நான் வெறும் வண்டியை மேலே ஏற்றி நிறுத்தினேன்.

"ஒண்ணு," என்றாள் ஏறும்போது.

கல்லால் சாம்பிராணியை இடித்துப் பெல்ட்டில் தூவினேன். கொஞ்ச தூரம் பிடித்தது. சூடேறியதும் புகை வந்தது. ரோடு முழுக்கப் பூசை மணம். எதிரே வந்த குருமடத்து இளம் சாமியார் இருவர் தொப்பியைக் கழற்றினார்கள். எங்களுக்கா, மணத்துக்கா, தெரியாது. லூர்து பெட்டிக்குள்ளிருந்து சிலுவை போட்டுக் காட்டிவிட்டுக் குலுங்கிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

"ரெண்டு." "மூணு." "நாலு." ஒவ்வொரு ஏற்றத்திலும் இறங்கி நடந்து எண்ணினாள்.

பெட்டியின் அடியில் ஒரு துணி மூட்டை இருந்தது. விடியுமுன் அவள் வைத்தது. எனக்குத் தெரியும். பாரம் என்று நான் சொல்லவில்லை.

ஒன்பது மணிக்குத் தலாத்துஓயா. கண்டியிலிருந்து எட்டு மைல். தேத்தண்ணி குடித்தோம். அங்கிருந்து தோட்டம் இரண்டு மைல், செம்மண் பாதை. அதில் மட்டும் மூன்று தடவை இறங்கினாள். கடைசித் தடவை சாம்பிராணியும் தீர்ந்தது. இருவரும் தள்ளினோம்.

"ஏழு," என்றாள், மூச்சு வாங்க.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்க ஆபீஸ் வாசல். கிளாக்கர் யாழ்ப்பாணத்தவர், குடையோடு ஓடி வந்தார். என் கோட்டையும் கண்ணாடியையும் பார்த்தார்.

"வாங்கோ வாங்கோ. நீங்கள்தானே வாத்தியார்? உந்தக் கம்பளிப் பொம்பிளை ஆர்? வழியில ஏத்தினனீங்களோ?"

லூர்து கால் கழுவி, சேலையை இறக்கிவிட்டு, கம்பளியைக் கழற்றினாள். உள்ளே வெள்ளைச் சேலை. ஒரு புள்ளி சேறு இல்லை.

"நாந்தாங்க டீச்சர். இவரு வண்டி ஓட்டி வந்தவரு," என்றாள்.

கிளாக்கர் குடையை அவள் பக்கம் பிடித்தார். எனக்குத் தலையிலிருந்து கால்வரை சேறு. தோல் கோட்டு தண்ணீர் குடித்துப் பாறை மாதிரி கனத்தது. வாங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்: தோல் பார்வைக்கு. மலை மழைக்குக் கம்பளி.

லூர்து துரையைப் பார்க்க உள்ளே போனாள். நான் வெளியே நின்றேன். வேலை கிடைக்க வேண்டும் என்று நினைத்தேன். கிடைக்கக் கூடாது என்றும் நினைத்தேன். அரை மணி நேரம் அப்படியே போயிற்று. லூர்து ஒரு சாவியோடு வெளியே வந்தாள்.

"திங்கக்கெழம பள்ளிக்கூடம். வீடு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால."

"நல்லது."

பெட்டியிலிருந்து மூட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவள் கம்பளியை என் தோளில் போட்டாள்.

"நீங்க போட்டுக்கங்க. சனிக்கெழம வரும்போது கொண்டாங்க."

கோட்டை மடித்துப் பெட்டியில் அவள் இடத்தில் வைத்தேன். பன்னிரண்டு மணிக்குப் புறப்பட்டேன். மழை விட்டிருந்தது.

இப்போதைய வண்டிகளுக்குச் சங்கிலி. எந்த மழையிலும் வழுக்காது, எந்த ஏற்றத்திலும் யாரும் இறங்க வேண்டாம். மணமும் கிடையாது. அன்று திரும்பும் வழியெல்லாம் பெல்ட்டில் சாம்பிராணி மணத்தது. போகும்போது ஏற்றமாக இருந்ததெல்லாம் வரும்போது இறக்கம். வெறும் வண்டி. நிறுத்தத் தேவையில்லை. அவள் இறங்கிய இடம் ஒவ்வொன்றிலும் நிறுத்தினேன்.

ஏழு.