நெவில் ஆஷ்வொர்த்தின் டெட்ராய்ட்

இங்கிலாந்தில் எங்கள் பேக்கப் ஊருக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள், நெவில் ஆஷ்வொர்த்துக்கு ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைப்பார்கள். காலை ஏழு மணிக்கு மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு, நடுத்தெருவில் குனிந்து, நீளமான மரக்கழியின் ஒரு முனையை இரும்பு மூடியில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்து, கண்ணை மூடி நிற்பார். பால் வண்டி ஹாரன் அடித்தால் கையை மட்டும் உயர்த்துவார். கண் திறக்காது.

அவர் தண்ணீர்க் கம்பெனி ஆள். பூமிக்கடியில் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று கேட்டுச் சொல்வது அவர் வேலை. "இங்க இல்ல. அந்தச் சிவப்புக் கதவு வீட்டு முன்னாடி, நாலடி ஆழத்துல" என்பார். தோண்டினால் அங்கேதான் இருக்கும். முப்பத்தைந்து வருடத்தில் தன் பேச்சை நம்பி ஒரு குழிகூட வீணாகத் தோண்டியதில்லை என்று அவரே சொல்வார். மறுத்துப் பேசிய ஆளை நான் பார்த்ததில்லை.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே காதை அவர் சோல் பாட்டுக்குக் கொடுப்பார். தொழிலாளர் கிளப் மாடியில் மதியம் பன்னிரண்டு முதல் ஏழு வரை ஆட்டம், ரெக்கார்டு போடுகிறவர் அவர். அறுபதுகளில் அமெரிக்காவில் கறுப்பினப் பாடகர்கள் பாடி, அங்கே யாரும் வாங்காமல் கிடங்கில் தூசி படிந்த ரெக்கார்டுகள்தான் எங்கள் பள்ளத்தாக்குக்குப் பிடித்தவை. செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்தில் அந்தப் பாட்டுக்குச் சுழன்றவர்கள், இன்றைக்கு முழங்காலுக்குப் பட்டி கட்டிக்கொண்டு, தரையில் பவுடர் தூவி, அதே பாட்டுக்குச் சுழல்கிறார்கள். ஒரு பாட்டு எவ்வளவு குறைவாக விற்றதோ அவ்வளவு மரியாதை அதற்கு.

நான் மேலே வெயர் கிராமத்தில் ஆடு வளர்க்கிற வீட்டுப் பிள்ளை. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். படித்தது மண்ணியல். ஆனாலும் கிளப்பில் எந்தத் தகராறு வந்தாலும் "புரொஃபசரைக் கேளு" என்பார்கள். கிண்டல்தான். எனக்கு உள்ளூரப் பெருமை, அதை மறைப்பானேன்.

ரெக்கார்டு விஷயத்தில் மட்டும் என்னைக் கேட்க மாட்டார்கள். அதற்கு நெவில் இருந்தார். யாராவது புதிதாக ஒன்றை வாங்கி வந்து காட்டினால் அவர் பாட்டைக் கேட்பதற்கு முன்னால் தட்டை முகர்ந்து பார்ப்பார். விளிம்பை நகத்தால் தடவுவார். நடுக் காகிதத்துக்கும் கடைசி வரிக்கும் இடையில் பாட்டில்லாத மழமழப்பான வளையம் இருக்குமே, அங்கே அச்சான எண்ணை வெளிச்சத்தில் சாய்த்துப் படிப்பார். பிறகு தீர்ப்பு.

கோர்டன் பிக்கப்புக்கு அப்படித்தான் ஆயிற்று. அவர் கிளப் செயலாளர், லாரி ஓட்டுநர், நல்ல மனிதர். தன் வெள்ளி விழாக் கல்யாண நாளுக்கு மனைவி வாங்கிக் கொடுத்த ரெக்கார்டை எல்லோர் முன்னாலும் நீட்டினார்.

நெவில் முகர்ந்தார். "இதுக்கு என்ன வயசுன்னு வித்தவன் சொன்னான்?"

"அறுபத்தாறுல அடிச்சதுன்னான்."

"இது பொறந்தே ஆறு வருஷம் ஆகல, கோர்டன். திருட்டு அச்சு. உன் பேரப் பையனைவிடச் சின்னது."

கோர்டன் மனைவி அன்று பாதி ஆட்டத்தில் எழுந்து போனார். அது நடந்து ஏழு வருடம் ஆகிறது. கோர்டன் இன்னும் மறக்கவில்லை. டீஜே மேசைக்கு மேலே "அமெரிக்க ஒரிஜினல் மட்டுமே தட்டில் ஏறும்" என்று ஒரு பலகை தொங்குகிறது. அந்த விதியைக் கொண்டுவந்ததும் நெவில்தான், அடுத்த மாதமே.

இவ்வளவு கறாரான மனிதரிடம் ஒரே ஒரு ரெக்கார்டுக்கு மட்டும் பிறப்புச் சான்று கிடையாது.

அது அவருடைய பொக்கிஷம். அரிய பாட்டு கையில் இருந்தால் நடுக் காகிதத்தின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, பொய்ப் பெயர் எழுதிவிடுவது இந்த ஆட்களின் வழக்கம். போட்டிக்காரன் எட்டிப் பார்த்து அதே பாட்டைத் தேடிப் போய்விடக் கூடாதே. நெவில் தன்னுடையதற்கு "கோரா லீ விங்ஃபீல்ட்" என்று பெயர் எழுதியிருந்தார். எழுபத்தொன்பதில் பரி ஊர்ச் சந்தையில், அமெரிக்கக் கப்பலில் வந்த பெட்டி என்று ஒருவன் விற்றதில் கிடைத்தது. அதற்குப் பிறகு அந்தப் பாட்டு உலகத்தில் வேறு யார் கையிலும் தட்டுப்படவில்லை. யார்க்‌ஷயரிலிருந்து அதற்காகவே பஸ் பிடித்து வருவார்கள்.

செப்டம்பரில் கிளப் ஆட்டத்துக்கு முப்பதாம் ஆண்டு. அன்று அந்த வெள்ளைத் தாளைப் பிரித்து, பாட்டின் பூர்வீகத்தை அறிவிப்பதாக நெவில் வாக்குக் கொடுத்துவிட்டார். விழா மலரில் அதை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. அவர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து கேட்டேன்.

"தாளுக்கு அடியில என்ன பேரு நெவில்?"

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "பேரே இல்ல. பென்சில்ல மூணுன்னு போட்டிருக்கு. அவ்வளவுதான்."

"அப்புறம் எந்த ஊர்னு எப்படித் தெரியும்?"

"உனக்குக் காது இருக்கா? கேளு."

போட்டுக் காட்டினார். இரண்டாவது சரணம் முடிந்ததும் எல்லா வாத்தியமும் ஒரு கணம் நிற்கும். அந்த மௌனத்தில் டக், டக்-டக் என்று மூன்று தட்டு. அதற்குத்தான் கிளப்பே சேர்ந்து கைதட்டும்.

"டெட்ராய்ட்" என்றார் நெவில். "அந்தத் தட்டு வேற எங்கயும் வராது. கார் தொழிற்சாலைல இரும்பு அடிச்ச கை அது. அந்த டிரம்காரன் யாருன்னு மட்டும் தெரிஞ்சா நான் நிம்மதியா சாவேன். எழுதிக்க."

எழுதிக்கொண்டேன். அச்சகத்துக்கும் அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் ஆட்டத்தில் கிளப் சமையலறைக்கு ஒரு புது ஆள் வந்தார். வழக்கமாக இறைச்சிப் பேஸ்ட்ரி விற்கும் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன். அவருக்குப் பதிலாக வந்தவர் பெரில் ஹார்கிரீவ்ஸ், அறுபத்துமூன்று வயது, பக்கத்து ஸ்டாக்ஸ்டெட்ஸ் ஊர்க்காரர். சோல் பாட்டென்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. பட்டாணி மசியலை வாரி வாரி வைத்துக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்கு நெவில் கோரா லீயைப் போட்டார். தரை நிறைந்தது. முதல் சரணம் பாதியில், கரண்டியும் கையுமாகப் பெரில் சமையலறையிலிருந்து வெளியே வந்தார். கரண்டியிலிருந்து பட்டாணி சொட்டியது. டீஜே மேசை வரைக்கும் நடந்து போனார்.

"இதை எங்க புடிச்சே கண்ணு?"

"அம்மா, தரையில சிந்துது" என்றார் நெவில். "ஆடுறவங்க வழுக்கி விழுவாங்க."

"அது கெடக்கட்டும். பாடறது நான்."

நெவில் சிரித்தார். அவர் வாழ்க்கையில் இப்படிச் சொன்ன பைத்தியங்களை நிறையப் பார்த்தவர். "இவங்க டெட்ராய்ட்டுல பாடறாங்க."

"நான் பிளாக்பூல் கடற்கரை தாண்டிப் போனதே இல்ல. இப்ப நிக்கும் பாரு. இப்ப தட்டும்."

நின்றது. டக், டக்-டக். கூடமே கைதட்டியது.

"அதான்" என்றார் பெரில். "அது கக்கூஸ் குழாய்."

பக்கத்தில் நின்ற கோர்டன் தன் பீர் கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தார். ஏழு வருடமாகக் காத்திருந்த மனிதருக்கு அவசரம் இல்லை. "முதல்ல இருந்து சொல்லுங்கம்மா" என்றார். "நாற்காலி போடவா?"

பெரில் சொன்னார். அறுபத்தேழு. ஸ்டாக்ஸ்டெட்ஸ் மேட்டுத் தேவாலயத்தில் ஞாயிற்றுப் பள்ளி அறை. நாலு பையன்கள், இவர் ஒருத்தி, இரவல் டேப் மெஷின். பிறகு மான்செஸ்டரில் ஒரு கடையில் டேப்பைக் கொடுத்து இரண்டே இரண்டு ரெக்கார்டு வெட்டி வாங்கினார்கள்.

"பாதிரியார் கிரீன்வுட்டுக்கு அன்னிக்கு வயிறு சரியில்ல. அவர் சங்கிலியை இழுப்பார், தொட்டி நெறையும், நெறைஞ்சதும் குழாய் மூணு தரம் முட்டும். முதல் ரெண்டு தடவையும் பாட்டு நடுவுல முட்டிக் கெடுத்துடுச்சு. மூணாவது தடவைதான் சரியான எடத்துல முட்டுச்சு. அதையே வெச்சுக்கிட்டோம்."

மூணு. பென்சில் எழுத்து. நான் நெவிலைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"அது எப்படி அமெரிக்கக் கப்பல் பெட்டிக்குள்ள போச்சு?" என்று நெவில் கேட்டார். குரல் கொஞ்சம் மேலே போயிருந்தது.

"எந்தக் கப்பலு? என் தம்பி வித்திருப்பான். என் சைக்கிளையும் அவன்தான் வித்தான்."

"ஆனா நீங்க அமெரிக்கக்காரி மாதிரில்ல பாடறீங்க!"

"அப்ப எல்லாரும் அப்படித்தான் கண்ணு பாடினோம். ரேடியோல கேட்டதைத்தானே பாட முடியும்?"

நெவில் ரெக்கார்டை உறையில் போட்டார். "ஆதாரம் வேணும்" என்றார். "யார் வேணா எது வேணா சொல்லலாம்."

"குழாய் அங்கயேதான் இருக்கு" என்றார் பெரில். "போய்க் கேளு. அதான உன் வேலையாம்?"

அந்த வாரம் முழுதும் ஊரில் வேறு பேச்சில்லை. நெவில் ஒரு ஒழுக்கைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை என்று கம்பெனியில் பேசிக்கொண்டார்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தேவாலயத்தில் கூடினோம். நெவில் மரக்கழியோடு வந்தார். கோர்டன் சாட்சிக்கு வந்தார், சலவை செய்த சட்டையில். பெரில் சாவியோடு வந்தார், பாதிரியார் இல்லாத நாளில் சாவி அவரிடம்தான் இருக்கும்.

ஞாயிற்றுப் பள்ளி அறையில் நெவில் சுவரோரம் மண்டியிட்டு, குழாயில் கழியை வைத்து, காதைக் கொடுத்து, கண்ணை மூடினார்.

"மேல யாராவது போய் இழுக்கணுமே" என்றார் கோர்டன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் வம்சத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் முடித்தவன் மாடிப்படி ஏறிப் போய்க் கழிப்பறைச் சங்கிலியை இழுத்தேன்.

கீழே இறங்கி வந்தபோது தொட்டி நிறைந்துகொண்டிருந்தது. நெவிலின் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தச் சத்தம் இல்லாமல் போக வேண்டும் என்று அவர் கேட்கிறார் என்பது தெரிந்தது. ஒழுக்குத் தேடுகிறவன் அப்படிக் கேட்கக் கூடாது.

டக், டக்-டக்.

அவர் எழுந்திருக்கவில்லை. "இன்னொரு தரம்" என்றார். மறுபடி ஏறினேன். மறுபடி அதே மூன்று. நாலு தடவை ஏறி இறங்கினேன்.

கடைசியில் கழியைக் கீழே வைத்தார். "தொட்டில மிதவை ஆடுது" என்றார், சுவரைப் பார்த்து. "வாஷர் தேஞ்சிருக்கு. இந்தச் சத்தத்தை நான் ஆயிரம் வீட்டுல கேட்டிருக்கேன். வாரத்துல ரெண்டு தரம் கேக்கறேன்."

கோர்டன் வாயைத் திறந்தார். ஏழு வருடமாகத் தயார் செய்த வாக்கியம் ஒன்று அவரிடம் இருந்தது, எனக்குத் தெரியும். அவர் மனைவிக்கும் தெரியும். ஆனால் நெவில் மண்டியிட்டே இருந்தார். கோர்டன் வாயை மூடிக்கொண்டார். "டீ குடிக்கலாமா?" என்றார்.

வெளியே வந்ததும் கோர்டன் என்னை ஓரமாக இழுத்தார். "மலர் அச்சாயிடுச்சா?"

"ஆயிடுச்சு. டெட்ராய்ட்டுன்னுதான் இருக்கு."

"அப்ப நம்ம நாலு பேர் வாயை மூடிக்கிட்டா விஷயம் முடிஞ்சுது. ஆகஸ்ட்ல கேட்டவங்க பெரில் கதை விட்டாங்கன்னு நெனச்சுப்பாங்க. அவன்கிட்ட சொல்லு."

சொன்னேன். நெவில் கழியை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார்.

விழா அன்று யார்க்‌ஷயரிலிருந்து இரண்டு பஸ் வந்தது. நாலு மணிக்கு நெவில் மைக்கைப் பிடித்தார். ஒரு கையில் ரெக்கார்டு, மறு கையில் எங்கள் மலர். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல புரொஃபசர் எழுதினது தப்பு" என்றார். "அவன் மேல குத்தமில்ல. நான் சொன்னதை எழுதினான்."

வெள்ளைத் தாளைப் பிரித்தார். "பாடினது பெரில் ஹார்கிரீவ்ஸ். ஸ்டாக்ஸ்டெட்ஸ். இங்கிருந்து ரெண்டு மைல். அந்த மூணு தட்டு..." மூச்சு வாங்கினார். "அது குழாய். பாதிரியார் கிரீன்வுட் உபயம். முப்பது வருஷமா நான் உங்களுக்குப் போட்டது டெட்ராய்ட் இல்ல. கோர்டன், உன் ரெக்கார்டு விஷயத்துல நான் சொன்னது சரிதான். ஆனா சொன்ன விதம் அசிங்கம். உன் சம்சாரத்துக்கும் சேர்த்துச் சொல்றேன், மன்னிச்சுக்க."

பஸ்ஸில் வந்த ஒருவன் கத்தினான்: "எது எப்படியோ, போடுப்பா!"

"போடக் கூடாது" என்றார் நெவில், தலைக்கு மேல் பலகையைக் காட்டி. "அமெரிக்க ஒரிஜினல் மட்டும். விதி என்னுது. செயலாளர் என்ன சொல்றார்?"

எல்லோரும் கோர்டனைப் பார்த்தார்கள். அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா தோளைக் குலுக்கினார்.

"விதி விதிதான்" என்றார் கோர்டன். "தட்டுல ஏறக் கூடாது. ஆனா ஆளு மேடையில ஏறக் கூடாதுன்னு அதுல எழுதல."

பெரில் சமையலறை வாசலில் ஏப்ரனோடு நின்றிருந்தார். "எனக்கு வரி பாதி மறந்துபோச்சு கண்ணு" என்றார். யாரும் விடவில்லை. கைப்பிடித்து மேடையில் ஏற்றினார்கள். வாத்தியம் இல்லை, ஒன்றுமில்லை. அவர் இருமிவிட்டு ஆரம்பித்தார். ரெக்கார்டில் இருப்பதைவிட ஒரு கட்டை கீழே, மறந்த இடத்தில் எல்லாம் "ல-ல-லா" போட்டு. முதலில் யாரும் அசையவில்லை. பிறகு கோர்டனின் கால் ஆரம்பித்தது. அவர் மனைவி பையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். தரை நிறைந்தது.

இரண்டாவது சரணம் முடிந்தது. பெரில் நிறுத்தினார். நெவில் கண்ணை மூடிக்கொண்டு, மேசையில் விரல் முட்டியால் தட்டினார். டக். டக். மூன்றாவது தட்டு கொஞ்சம் பிந்திவிட்டது.

பெரில் பாட்டை நிறுத்தித் திரும்பினார். "பாதிரியாரே உன்னைவிடச் சரியா பண்ணாரு. முதல்ல இருந்து!"