கை வைக்காமல் பாடிய கிட்டார்

அய்யாக்கண்ணுவை ஏமாற்ற இந்தப் புதுக்கோட்டைச் சீமையில் இன்னும் ஒருவன் பிறந்து வரவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர், மரம் மரமாக ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பிழைப்பைத் தொடங்கியவர், இன்றைக்குச் சொந்த வேன், சொந்த மைக் செட், தன் பேரிலேயே ஓர் இன்னிசைக் குழு என்று நிமிர்ந்து நிற்கிறார். எவன் கைகொடுத்தான்? ஒருத்தனும் இல்லை. யாரையும் நம்பாததால்தான் முன்னுக்கு வந்தேன் என்பார். ஒரு ஆள் ஒயர் சுற்றுகிற கையைப் பார்த்தே அவன் யோக்கியனா களவாணியா என்று சொல்லிவிடுகிற மனுஷன்.

அப்படிப்பட்டவருக்கு ஷர்லியின் கை மட்டும் பிடிபடவில்லை.

ஷர்லி பகலில் செல்போன் கடையில் வேலை பார்க்கிற பெண். சர்ச்சில் கிட்டார் வாசிப்பவள். குழுவின் பழைய கிட்டார்காரன் துபாய்க்குப் போய்விட்டதால், கீபோர்டு வாசிக்கும் கோபிநாத் அவளைக் கூட்டிவந்தான். முதல் ஒத்திகையில் இடது கையில் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கம்பிகளை ஒரு தடவு தடவினாள். பல சுரம் ஒன்றாகச் சேர்ந்த முழு கார்டு ஒன்று எழும்பி அறையை நிறைத்தது.

அய்யாக்கண்ணு எழுந்து வந்தார். "இங்கிட்டுப் பாரு பாப்பா. ஒன் இடது கை எங்க இருந்துச்சு?"

"டீ கிளாஸ்லங்கய்யா."

"அப்பச் சத்தம் எங்கேருந்து வந்துச்சு?"

"இது ஓப்பன் ட்யூனிங்குங்கய்யா. ஆறு கம்பியையும் ஒரே மேஜர் கார்டுக்குச் சேர்த்து முறுக்கி வச்சிருக்கேன். சும்மா தட்டுனாலே கார்டு வந்துரும். அடுத்த கார்டுக்கு ஒரு விரலைக் குறுக்க வச்சு நகத்துனாப் போதும்."

கேட்ட கேள்விக்கு இவ்வளவு வேகமாகப் பதில் வந்தால் சந்தேகப்படாமல் என்ன செய்வது? அவர் பார்க்காத கிட்டார்காரனா? எல்லாரும் நண்டு மாதிரி விரலை மடக்கி மடக்கி வாசித்தவர்கள். இவளோ இடது கையின் கடைசி இரண்டு விரலையும் ஸ்டைலாக நீட்டியே வைத்திருக்கிறாள். சோகப் பாட்டு வந்தால் மொத்தமாகத் தட்டாமல் ஒற்றைக் கம்பியில் நைசாக ஓட்டுகிறாள். சுருதி சேர்க்கும்போது வேனுக்குப் பின்னால் போய்விடுகிறாள். எல்லாவற்றையும் அவர் மனசில் முடிந்து வைத்துக்கொண்டார். பென் டிரைவ்தான். பாட்டை எங்கோ ஓடவிட்டு, கையை மட்டும் ஆட்டுகிறாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் வல்லத்திராக்கோட்டை நாகராசு தன் தங்கை மகளின் காதணி விழாவுக்குக் கச்சேரி பேச வந்தான்.

"அண்ணே, போன மாசம் எங்க ஊருக்கு ஒரு குழு வந்துச்சு. வாசிக்கிறவரு தண்ணி குடிக்கப் போயிட்டாரு, வாசிப்பு அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கு! நீங்களும் அப்படி பென் டிரைவைச் சொருகுனீங்க, மேடையில ஏறி மைக்கைப் புடுங்கிருவேன்."

"தம்பி, அய்யாக்கண்ணு குழுவுல எல்லாம் நேரடி. ஒரு தப்பு நடந்தா அன்னைக்கே குழுவைக் கலைச்சிர்றேன், போதுமா?" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் ஷர்லியின் கை நினைவுக்கு வந்தது.

விழா அன்று காலையில் ஷர்லி நன்றாகத்தான் வாசித்தாள். நன்றாக வாசிக்க வாசிக்க அவருக்குச் சந்தேகம் கூடியது. மிக்ஸர் பக்கம் நின்றுகொண்டு, கீபோர்டின் சத்தத்தைச் சட்டென்று இறக்கிப் பார்த்தார். "அண்ணே, என் சத்தம் போச்சு!" என்று கோபிநாத் கத்தினான். கிட்டார் சத்தம் மட்டும் அசையாமல் நின்றது. ஆக, பென் டிரைவ் கீபோர்டில் இல்லை. கிட்டாருக்குள்ளேயே இருக்கிறது. காதுக்குள் போனை வைத்துக்கொண்டு பரீட்சை எழுதுகிற காலம். கிட்டார் வயிற்றுக்குள் ஒரு மிஷினை வைக்க முடியாதா?

மத்தியானம் குழு மொத்தமும் பந்திக்குப் போனது. அய்யாக்கண்ணு மட்டும் மேடை ஏறினார். செல்போன் லைட்டை அடித்துக் கிட்டார் ஓட்டைக்குள் பார்த்தார். உள்ளே கொஞ்சம் தூசியும், ஒட்டிவைத்த மாதா படமும்தான் இருந்தன. கட்டைவிரலால் கம்பிகளை ஒரு இழு இழுத்தார். பந்தல் முழுக்கக் கார்டு அதிர்ந்தது.

பந்தியிலிருந்து ஒரு குரல் வந்தது: "அட, நீங்களும் வாசிப்பீங்களா அண்ணே?"

"பின்ன? சும்மாவா குழு நடத்துறேன்!"

சொல்லிவிட்டாரே தவிர, உடம்பு சிலிர்த்துவிட்டது. வாழ்நாளில் ஒரு வாத்தியம் தொட்டதில்லை, தொட்டதும் பாடுகிறது. மிஷின் சத்தமாக இருந்தால் கம்பியைத் திருகினாலும் மாறக் கூடாது. தலைப்பக்கத்து முறுக்காணி ஒன்றைத் திருகிவிட்டு இழுத்தார். சத்தம் கோணிக்கொண்டு போனது. ஆக, கம்பிதான் பாடுகிறது. நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது, ஆணியைத் திருப்பி வைக்கப் பார்க்கிற வரைக்கும். எங்கே இருந்ததென்று தெரியவில்லை. அங்கிட்டுத் திருகினார், இங்கிட்டுத் திருகினார், பக்கத்து ஆணியையும் சேர்த்துத் திருகினார். இன்னும் மோசமானது. அதற்குள் தெருவில் மேளம் கேட்டது. தாய்மாமன் சீர் வந்துகொண்டிருந்தது. கிட்டாரை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி இறங்கிவிட்டார்.

ஷர்லி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து கிட்டாரை மாட்டினாள். சொல்லிவிடலாம் என்று நினைத்தார். மிக்ஸர் பக்கம் போய் நின்றுகொண்டார்.

நாகராசு சீர்த்தட்டோடு பந்தலுக்குள் கால் வைத்தான். மேளம் நின்றது. அவள் ஓங்கித் தட்டினாள். தகர டின்னில் ஜல்லியைப் போட்டுக் குலுக்கினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

சீர் அப்படியே நின்றது. ஷர்லி கிட்டாரின் மேல் காதைச் சாய்த்து, கம்பி கம்பியாகத் தட்டிப் பார்த்து ஆணியைத் திருகினாள். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும்தான் வேலை செய்தன. கடைசி இரண்டு விரலும் குச்சி மாதிரி விறைத்து நின்றன. அடியில் பழைய தையல் தழும்பு ஓடியது. ஸ்டைல் என்று நினைத்தாரே, அது மடங்காத விரல்.

நாகராசு மேடையையே முறைத்துக்கொண்டிருந்தான். குழு போச்சு என்று அய்யாக்கண்ணு துண்டால் முகத்தைத் துடைத்தார்.

பின்னாலிருந்து ஒரு இளவட்டம் கத்தினான்: "டேய், பென் டிரைவ்ல இப்படித் தப்பு வருமாடா? நெசமாவே கையாலதான்டா வாசிக்கிறாங்க!"

பந்தல் சிரித்தது. விசில் பறந்தது. நாகராசும் சிரித்துவிட்டான்.

அய்யாக்கண்ணு ஒரே தாவலில் மைக்கைப் பிடித்தார். "பார்த்தீங்களா மக்களே! எங்க குழுவுல எல்லாமே நேரடி. அது ஒங்களுக்குப் புரியணும்னுதான், பந்தி நேரத்துல நானே என் கையால கம்பியைக் கலைச்சு வச்சேன்!"

கைதட்டல் அடங்கவில்லை. ஷர்லியின் கை ஆணியிலேயே நின்றது. தலையைத் தூக்கி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மிச்சக் கம்பியையும் சேர்த்துவிட்டு, ஒற்றை விரலைக் குறுக்கே போட்டு ஓட்டினாள். சீர் உள்ளே வந்தது.

திரும்பும்போது வேனில் கேட்டாள்: "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லங்கய்யா?"

"ஒங்கிட்டச் சொன்னா நடிப்பு மாதிரி தெரிஞ்சிருக்கும்ல பாப்பா."

அவள் அவர் பக்கம் இருந்த கிட்டாரை எடுத்து ஜன்னல் பக்கம் மாற்றி வைத்தாள்.

இப்போதெல்லாம் எந்த ஊர்ப் பந்தியானாலும் அவள் கிட்டாரைத் தோளில் மாட்டியபடியேதான் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அய்யாக்கண்ணுவுக்கு அது ஒரு மனக்குறை. கோபிநாத்திடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்:

"ஏன்டா கோபி, அந்தப் புள்ள ஏன்டா ஒரு மனுசனையும் நம்ப மாட்டேங்குது?"