வெறுங்கை

அம்பிட்டியவில் பக்கத்து வீட்டுக்காரர் சருகைக் கூட்டி எரிப்பார். புகை எங்கள் கொடித்துணிக்கு வருகிறதே என்று கூச்சப்பட்டு, ஒரு வாளித் தண்ணீரை அதன் தலையில் கொட்டுவார். உஸ்ஸென்று ஒரு மூச்சு. பிறகு அந்த வாசம் எழும்பும். ஈரச் சாம்பலின் வாசம், கசப்பும் கொஞ்சம் உப்புமாய். அவ்வளவுதான், கையில் பிடித்த தேநீரோடு நினைப்பில் நான் மலையேறிவிடுவேன். ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே, எரிந்த காட்டின் விளிம்புக்கு.

அந்தக் காடு எரிந்த வருஷம் வன அலுவலகத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தேன். ஆளுயர மானாப்புல்லில் யாரோ வைத்த தீ, நட்டு வளர்த்த பைனஸ் மரங்களைத் தின்றுவிட்டு, காற்று தள்ளிவிட, பழைய காட்டுக்குள்ளும் கால் வைத்தது. பழைய காடு என்றால் யாரும் நடாத காடு. மூடுபனியைக் குடித்துக்கொண்டு, நம்முடைய ராஜாக்கள், துரைமார், மந்திரிமார் எவரையும் ஏறிட்டுப் பாராமல் நின்ற காடு.

தீ அணைந்த பிறகு என்னிடம் விடப்பட்ட வேலையை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். யாரையும் உள்ளே விடக்கூடாது. எதையும் நடக்கூடாது. காட்டுக்கு வெளியே அகலமான ஒரு பட்டையில் மானாப்புல்லை வேரோடு வெட்டி, அடுத்த தீ தாண்ட முடியாதபடி வெறும் மண்ணாக வைத்திருக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் சிலர் என்னோடு மம்பட்டி பிடித்தார்கள். வெட்ட வெட்ட வளரும் புல். அதுவும் பிடிவாதம், நாங்களும் பிடிவாதம்.

முதல் மழை ஓய்ந்த காலையில் உள்ளே போய்க் குனிந்து பார்த்தேன். சாம்பலைத் தள்ளிக்கொண்டு இரண்டிலைக் கன்றுகள். தீக்குத் தப்பிய பெரிய மரங்கள் உதிர்த்த விதைகள் முளைத்திருந்தன. சில இரத்தச் சிவப்பு, சில கண்ணாடிப் பச்சை. ஒரு பாதம் பட்டால் போயிற்று. தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொக்குப்போல நின்றேன்.

அந்தக் கிழமைதான் லொறி வந்தது.

லொறி நிறையப் பொலித்தீன் பைகளில் மரக்கன்றுகள். பின்னால் ஒரு வேன் நிறைய கண்டிக் கடைவீதிக்காரர்கள், பதாகை, புரியாணிச் சட்டிகள். முன்னால் இறங்கியவர் ஏலக்காய் வியாபாரி. டவுனில் அடிக்கடி காணும் முகம்; எல்லோருக்கும் ‘நானா’, அண்ணன் முறை.

“தங்கச்சி, எடத்தக் காட்டுங்க. மஹோகனி ஈக்கி, மா ஈக்கி, பலா ஈக்கி.”

“உள்ள விட ஏலாது நானா. ஒன்னும் நடவும் வேணாம்.”

பகிடி என்று நினைத்துச் சிரித்தார். நான் பாதையின் நடுவில் போய் நின்றேன்.

“மிஸ்,” என்று பின்னாலிருந்து தோட்டத்துப் பெண் ஒருத்தி, “சம்பந்தம் பேச வந்தவங்கள வாசல்லயே நிக்க வச்சிட்டீங்களே. நம்ம பொண்ணுக்கு மாப்பிள்ள புடிக்கலயா?”

பெண்கள் சிரித்தார்கள். அவருடைய முகம் சிவந்தது.

“ஒங்கட ஒபீஸ் பெரிய மாத்தயாகிட்ட கேட்டுத்தானே வந்த.”

“அவர் கண்டியில இருக்கார் நானா. மொளச்சது இங்க இருக்கு.”

“நெருப்பு வச்சவன் தப்பிட்டான். மரம் வைக்க வந்தவன மறிக்கிறீங்க. என்ன நியாயம் இது?”

நான் பாதையை விட்டு நகரவில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார்.

“எங்கட வாப்பா இந்தக் காட்டுக்குள்ளதான் ஏலக்காச் செடி போட்ட. அதக் காய வைக்க இந்த மரத்தத்தான் வெட்டி எரிச்ச. அதுல தின்டு வளந்தவன் நான். ஒரு நோயாளியப் பாக்கப் போனாலும் வெறுங்கையோட போறல்ல. இங்க காடே எரிஞ்சி கெடக்கு. வெறுங்கையோட எப்பிடி வார?”

அந்த இடத்தில் நான் கொஞ்சம் ஆடிப்போனேன். ஓர் ஓரமாக நட்டுவிட்டுப் போகட்டுமே என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த சப்பாத்துக் கால்களைப் பார்த்தேன். நாக்கை மடித்துக்கொண்டேன்.

“நீங்க மட்டும் வாங்க நானா. செருப்பக் கழட்டிட்டு, நான் கால் வச்ச கல்லுல மட்டும் கால் வச்சி வாங்க.”

கல்லுக்குக் கல் தாவிப் போனோம். ஓரிடத்தில் நின்று கையைக் காட்டினேன். அவர் சாரத்தை மடித்துக்கொண்டு குந்தினார். முதலில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கரிதான் தெரிந்தது. பிறகு ஒரு கன்று தெரிந்தது. ஒன்று தெரிந்ததும் எல்லாம் தெரிந்தன. பின்வாங்க இடமில்லாமல் கல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“இது என்ன மரம்?”

“தெரியல நானா. ரெண்டு எலைய வச்சி சொல்ல ஏலாது.”

“பேரே தெரியாததுக்கா என்னய மறிச்ச?”

“ஆமா.”

என்னை நிமிர்ந்து பார்த்தார். “பொல்லாத புள்ள நீங்க,” என்றார். கோபத்தில் பாதி இறங்கியிருந்தது. மீதிப் பாதியோடு கீழே வந்து, தன் ஆட்களைப் பார்த்துக் கத்தினார். “கன்ட எறக்க வாணாம்! மம்பட்டி எங்க ஈக்கி?”

அன்று கடைவீதி முழுக்க எங்கள் பட்டையில் புல் வெட்டியது. மானாப்புல் கையைக் கீறியது. சட்டைகளில் கரி ஏறியது.

“ஐயாமாரே, தடவாதீங்க, வெட்டுங்க! அது பூனக்குட்டி இல்ல,” என்றாள் மாப்பிள்ளைப் பகிடி விட்ட அதே பெண்.

“அக்கா, எங்களுக்குத் தராசுதான் புடிக்கத் தெரியும்,” என்றது ஒரு புடவைக்கடை.

புரியாணியை எல்லோருமாய் வெறும் மண்ணில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மாவும் பலாவும் பெண்களின் லயத்து வீட்டுத் தோட்டங்களுக்குப் போயின. மஹோகனியை பல்லேகலவில் தன் சொந்தக் காணியில் நடுவதாகச் சொல்லி அவரே திருப்பி ஏற்றிக்கொண்டார். அலுவலகத்தில் பிறகு எனக்குக் கிடைத்த ஏச்சு வேறு கதை. வாங்கிக்கொண்டு மறுநாளும் மலைக்குப் போனேன்.

அன்று மாலை, புறப்பட லொறி உறுமியது. அவர் தலையை வெளியே நீட்டினார்.

“தங்கச்சி, மழ முடிய ஒருக்கா வந்து பாக்கணும். அதுக்குப் பேரு தெரிஞ்சாலும் சரி, தெரியாட்டியும் சரி. என்னத்தக் கொண்டு வார? அதச் சொல்லுங்க.”

“வெறுங்கையோட வாங்க, நானா.”