இருபது சட்டி செவ்வந்தி

யாழ்ப்பாணத்தைவிட்டு வந்தபின், எண்பத்தாறாம் ஆண்டு பனிக்காலத்தில் ஓர் இத்தாலிக்காரரின் பலசரக்குக் கடையில் எனக்கு வேலை கிடைத்தது. முதல்நாள் கதவைத் திறந்ததும் கருவாட்டு மணம் அடித்தது. பார்த்தால், பலகை மாதிரிக் காய்ந்த பெரிய மீன்கள் ஒரு பெட்டியில் அடுக்கிக் கிடந்தன. அட, இவர் நம்முடைய ஆள்தான் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

அவருடைய ஆங்கிலமும் என்னுடையதும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. அதனால் எங்கள் பேச்சை இங்கே என் தமிழிலேயே எழுதுகிறேன். அவருடைய கோபத்துக்கு யாழ்ப்பாணத் தமிழ் நன்றாகவே பொருந்தும். யாராவது பீச் பழத்தை அமத்திப் பார்த்தால் போதும். "பழத்தை விடு! உன்ரை கன்னத்தை நான் நசிச்சுப் பாக்கிறனே?" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும். ஆனால் பிள்ளை குட்டியோடு வருகிறவர்களுக்குப் பையில் இரண்டு பழம் கூடத்தான் போகும்.

மத்தியானம் அவருடைய மனைவி சுடச்சுடச் சாப்பாடு கொண்டு வருவார். பின்பக்கத்து மேசையில் இருவரும் சண்டை பிடித்தபடியே சாப்பிடுவார்கள். உப்பு, மகளின் தலைமயிர், மருமகனின் கார் என்று எதற்கும் சண்டை. அந்தச் சண்டை இல்லாவிட்டால் இருவருக்கும் செமிக்காது. எனக்கும் ஒரு தட்டு கட்டாயம் வரும். "சின்யோரா, சாப்பிடும், எலும்பும் தோலுமா நிக்கிறீர்" என்பார் முதலாளி; சின்யோரா என்றால் அவர்கள் மொழியில் அம்மா. அப்போது நான் ஒன்றும் எலும்பும் தோலுமாக இல்லை.

செப்டம்பரில் வைன் போடுகிற திராட்சை வந்தது. இத்தாலியக் குடும்பங்கள் அதைப் பெட்டி பெட்டியாக வாங்கிப்போய் வீட்டு நிலவறையில் பிழிவார்கள். அறுபது வயது மனிதர், எல்லாப் பெட்டியையும் தானே தூக்குவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். மூன்றாம் நாள் பெட்டியோடு நடைபாதையில் சரிந்தார். இருதயத்தில் ஒப்பரேஷன் செய்தார்கள்.

மனைவி ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டார், கடையை விற்பது என்று. வாங்குவதற்கு ஆளும் வந்துவிட்டது. அவரோ மாட்டேன் என்று படுக்கையிலிருந்தே கத்தினார். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஆறு கிழமை கழித்து இருவரும் வந்து கடையைப் பார்ப்பது. அவர் பாரம் தூக்காமலே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று மனைவிக்கு மனம் ஆறினால் அவர் திரும்பி வரலாம். இல்லாவிட்டால் அன்றைக்கே கையெழுத்து.

அவர்களுடைய மூத்த மகன் விடியச் சரக்கை இறக்கிவிட்டுத் தன் வேலைக்குப் போய்விடுவான். மிச்சமெல்லாம் என் தலையில். வேலை போய்விடுமே என்ற பயம் எனக்கு இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். ஆனால் கடை இல்லாமல் அந்த மனிதர் வீட்டுக் கதிரையில் சும்மா குந்தியிருப்பதை நினைக்கவே எனக்குப் பொறுக்கவில்லை. அவர் காலைக்குக் காலை ரெலிபோன் எடுத்து, "கத்தரிக்காயைத் துடைச்சனீரே?" என்று கேட்பார். துடைத்தேன். பளிங்கு மாதிரித் துடைத்தேன்.

அவர்கள் வருவதற்கு முதல்நாள் ஒரு பூ வியாபாரியின் வான் வந்து நின்றது. "உங்கடை முதலாளி வருஷா வருஷம் இந்த நேரம் எடுக்கிறவர்" என்று இருபது சட்டி செவ்வந்தியை இறக்கிவிட்டுப் போனான். மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள்! கடவுளே பார்த்து அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன். இரண்டு சட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூவைக் கிள்ளி மாலை கட்டினேன்.

"இஞ்சேரும், உவரென்ன கோயில் கந்தசாமியே?" என்றார் என் கணவர்.

"நீங்கள் சும்மா இருங்கோ. செத்துப் பிழைச்சு வாற மனுஷன்."

மறுநாள் கதவின் இரண்டு பக்கமும் ஆறு ஆறு சட்டி வைத்தேன். மிச்சத்தை அவருடைய கதிரையைச் சுற்றி அடுக்கினேன். கார் வந்தது. முதலில் இறங்கிய மனைவி அப்படியே நின்று வாயைப் பொத்தினார். சந்தோஷத்தில்தான் என்று நினைத்து, நான் ஓடிப்போய், பின்னால் இறங்கிய முதலாளியின் கழுத்தில் மாலையைப் போட்டேன்.

மனைவி போட்ட கூச்சலில் எதிர்க்கடைக்காரன் வெளியே வந்துவிட்டான். மாலையைப் பிடித்து இழுத்து அறுத்தார். "உது சவக்காலைக்குக் கொண்டு போற பூ! செத்த ஆக்களுக்கு வைக்கிற பூ!"

நவம்பர் பிறக்கும்போது இத்தாலிக்காரர் கல்லறைகளுக்குக் கொண்டுபோவது இந்தப் பூவையாம். மற்றப்படி வீட்டு வாசலுக்கும் அதை எடுக்கமாட்டார்களாம். ஐயோ, நான் உயிரோடிருந்த மனிதருக்குச் செத்தவீட்டுச் சோடனை செய்து வைத்திருக்கிறேன்! வெட்கத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. "எங்கடை ஊரிலை உது கலியாணத்துக்கும் கோயிலுக்கும் வைக்கிறது! எனக்கென்ன தெரியும்!" என்று நானும் கத்தினேன்.

அவர் சிரிக்கத் தொடங்கினார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ப் பூக்களுக்கு நடுவே கதிரையில் இருந்தார். "சவப்பெட்டி ஒண்டுதான் குறை. சின்யோரா, சிரிக்கப் பண்ணாதையும், தையல் பிரியுது."

மனைவி சிரிக்கவில்லை. தோடம்பழப் பெட்டி ஒன்றின்மேல் அமர்ந்தார்.

"நீங்கள் சிரியுங்கோ. ஒப்பரேஷன் அண்டைக்கு நான் செத்தவீட்டுக்குப் போடுற கறுப்பு உடுப்பை அயன் பண்ணி வைச்சிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தனான். வீட்டிலை தையல் மெசின் வைச்சிருக்கிற அறைக் கதவிலை இன்னும் தொங்குது. அதை எடுத்து அலுமாரிக்குள்ளை வைக்கப் பயமாக் கிடக்கு."

அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது.

"நான் எத்தினை மணிக்கு வீட்டை வரவேணும்?" என்று கேட்டார்.

மனைவி மூக்கைத் துடைத்தார். "ரெண்டு மணிக்கு."

"சரி."

"ஒண்டும் தூக்கக் கூடாது. ஒரு வெங்காய மூட்டைகூட."

"சரி."

அந்த வாயிலிருந்து அடுத்தடுத்து இரண்டு "சரி" வந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. வாங்க வந்த ஆளுக்குக் கடை இல்லை என்று சொல்லியாகிவிட்டது. பூக்களை அந்தக் கிழமையே கல்லறைக்குப் போகிறவர்கள் வாங்கிப் போனார்கள். நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

அடுத்த கிழமை ஒரு கிழவிக்கு ஒலிவ்காய் நிறுத்துக்கொண்டிருந்த முதலாளி, இரண்டு மணியானதும் கரண்டியை என் கையில் தந்துவிட்டுக் கோட்டை எடுத்தார். "அரைவாசியிலை விட்டிட்டு எங்கை போறீர்?" என்று கிழவி சீறினாள்.

"வீட்டை. மனுசி நேற்றுத்தான் ஒரு உடுப்பை அலுமாரிக்குள்ளை வைச்சவ. அதைத் திருப்பி வெளியிலை எடுக்க விடமாட்டன்."