வேம்புலி ஊதாத பந்து

என் பேத்தி பிறந்து இன்றோடு பதினாறு நாள் ஆகிறது. அவள் அழுதால் எங்கள் வீட்டில் எல்லோரும் சிரிக்கிறோம். உலகநாதன் வீட்டில் பச்சைக் குழந்தையை அழவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள் என்று முத்தாபுதுப்பேட்டை முழுக்கப் பேச்சு. ஏன் சிரிக்கிறோம் என்று சொல்ல வேண்டுமானால், வேம்புலி டாக்டரின் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

அவருடைய அப்பா அய்யாசாமி எங்கள் நிலத்தில் ஏர் ஓட்டியவர். மகனைப் பாதிரியார் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். அப்போது அவர் எனக்கு 'அவன்'தான். அப்படியே எழுதுகிறேன்.

பூந்தமல்லி வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் பார்த்து நாங்களும் பந்து விளையாடக் கற்றுக்கொண்டோம். ஊர்ப் பையன்கள் பத்துப் பேர்தான் தேறினோம். பதினோராவது ஆளாக வேம்புலியைச் சேர்த்தோம். வெறுங்காலோடு அவன் ஓடினால் பந்து காலோடு தைத்தது போல் போகும். பந்து எங்கள் வீட்டுப் பந்து. அதனால் நான்தான் தலைவன்.

அந்தக் காலத்துப் பந்தில் தோலுக்குள் ஒரு ரப்பர் பை இருக்கும். அதன் குழாயில் வாய் வைத்து ஊதி, மடக்கிக் கட்டி, உள்ளே தள்ளி, தோலை வாரால் இழுத்து முடிய வேண்டும். நாங்கள் பத்துப் பேரும் மாற்றி மாற்றி ஊதுவோம். வேம்புலி மட்டும் வாய் வைக்கக் கூடாது. அவன் எச்சில் பட்ட குழாயில் நாங்கள் எப்படி வாய் வைப்பது? யாரும் சொல்லித் தரவில்லை, எங்களுக்கே தெரிந்திருந்தது. அவன் பக்கத்தில் குந்தி, விரலால் பந்தை அழுத்திப் பார்ப்பான்.

"இன்னும் ரெண்டு ஊது அண்ணாத்தே. ஆங், போதும் போதும், வெடிச்சிடும்."

அவன் விரல் ஒருநாளும் தப்பியதில்லை.

ஒருமுறை பூந்தமல்லியில் சிப்பாய்களோடு ஆட்டம். எங்கள் பந்துதான். பாதி ஆட்டத்தில் காற்று இறங்கிவிட்டது. பத்துப் பேருக்கும் நாக்கு வெளியே தள்ளியிருந்தது. வேம்புலிக்கு மட்டும் மூச்சு வாங்கவில்லை.

"நான் ஊதட்டா?" என்றான்.

"நீ வாய வைக்காதடா, போய் நில்லு" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய் நின்றான்.

தலை சுற்றும்வரை நானே ஊதினேன். பை பாதிகூட நிறையவில்லை. கடைசி நிமிடத்தில் கோலுக்கு நேராக வேம்புலி உதைத்தான். அந்தச் சொத்தைப் பந்து கோட்டுக்கு முன்னாலேயே படுத்துவிட்டது. ஒன்றுக்குச் சுழியம் என்று தோற்றோம்.

அந்த ஆட்டத்தைப் பார்க்க வந்த பட்டணத்து டீம்காரர் ஒருவர் அவனை அழைத்துப் போனார். எங்கள் பக்கத்திலிருந்து பட்டணத்து டீமில் ஆடிய முதல் ஆள் அவன்தான். பூட்ஸ் போட்டவர்கள் நடுவே வெறுங்காலோடு நாலு வருஷம் ஆடினான். படிப்பையும் விடவில்லை. ஒரு ஆட்டத்தில் கணுக்கால் உடைந்து ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அந்தக் கட்டிலில்தான் டாக்டர் ஆசை வந்ததாம். மிஷன்காரர்கள் உதவினார்கள். மருத்துவப் பள்ளியில் தேறி, ஆவடி ஸ்டேஷன் பக்கத்தில் டிஸ்பென்சரி போட்டார்.

நாங்களும் போவோம். மருந்தை எங்கள் பாட்டிலில் ஊற்றி வாங்கிக்கொள்வோம். நாடி பார்க்கக் கை நீட்டும்போது மணிக்கட்டில் துண்டைப் போட்டுக்கொள்வோம். அவர் துண்டின் மேலேயே விரலை வைத்துப் பார்ப்பார்.

பதினாறு நாளைக்கு முன்னால் என் மகள் வடிவுக்கு இரண்டு நாளாக வலி. குழந்தை இறங்கவில்லை. காலையில் மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆவடிக்குப் பறந்தேன். டாக்டர் காலைச் சாப்பாட்டுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தார். ஈரக் கையோடு கிளம்பினார்.

உச்சி வெயிலில் குழந்தை பிறந்தது. தாய் பிழைத்தாள். குழந்தை அழவில்லை. நாவற்பழம் போல் நீலமாக இருந்தது. மருத்துவச்சி தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள், தண்ணீர் தெளித்தாள். ஒன்றும் அசையவில்லை.

"கொயந்தைய இப்டி குடு" என்று வாங்கி, வெளிச்சத்துக்காக நடையில் என் எதிரே கொண்டுவந்து கிடத்தினார் டாக்டர். துணியால் வாயைத் துடைத்தார். வாயோடு வாய் வைக்கக் குனிந்தார்.

"ஐயோ, இன்னா பண்றே! வாய வைக்காதே!" என்று கத்தினாள் என் மனைவி கன்னியம்மாள்.

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான் இருக்கும். அன்றைக்கு மைதானத்தில் பார்த்த அதே பார்வை. என் வார்த்தையை என் மனைவி சொல்லிவிட்டாள், அவ்வளவுதான்.

"ஊதுங்க டாக்டர்" என்றேன். "கன்னியம்மா, நீ தள்ளு."

அவர் ஊதினார். பந்துக்கு ஊதுவது போல் இல்லை. கன்னத்தில் அடங்கிய காற்றை மட்டும், விளக்கை அணைக்காமல் ஆட்டுகிற மாதிரி. இரண்டு விரலைக் குழந்தையின் நெஞ்சில் வைத்திருந்தார். ஊதினார், பார்த்தார். மறுபடி ஊதினார். அந்தச் சின்ன நெஞ்சு ஏறி, இறங்கி, சும்மா கிடந்தது.

"இன்னும் ரெண்டு ஊதுங்க" என்று என் வாயில் வந்துவிட்டது.

ஊதினார். குழந்தையின் காலொன்று உதைத்தது. அப்புறம் பூனைக்குட்டி போல ஒரு சத்தம். அப்புறம் வீடே அதிர அழுகை.

நான் இன்னும் "ஊதுங்க, ஊதுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேனாம்.

"போதும் போதும், வெடிச்சிடும் அண்ணாத்தே" என்றார் டாக்டர். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அழுகிற குழந்தையை வைத்துக்கொண்டு நாங்கள் சிரிக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

இன்று பேர் வைத்தோம், தாட்சாயிணி என்று. டாக்டர் வந்திருந்தார். கன்னியம்மாள் துண்டு எதுவும் போடாமல் நாடி பார்க்கக் கையை நீட்டினாள். அவளுக்கு ஒரு நோவும் இல்லை. நான் பரணிலிருந்த பழைய பந்தை இறக்கி, புதிதாக வாங்கிய ரப்பர் பையை அவர் முன்னால் வைத்தேன்.

"நீங்க ஊதுங்க டாக்டர்."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பந்துக்குப் பம்ப்பு வந்து எத்தினி வருசம் ஆவுது? இப்ப வந்து ஊதச் சொல்றியே அண்ணாத்தே! ஆவடி கடையில இருந்துச்சே, வாங்கியாரக் கூடாதா?"

எனக்குத் தலை குனிந்துவிட்டது. அவர் குழாயை வாயில் வைத்தார். நான் பக்கத்தில் குந்தி, விரலால் அழுத்திப் பார்த்தேன்.