எழுபத்தெட்டில் செய்த ரேடியோ

செங்கல் என்ற ஊரில் ரேடியோ, டிவி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த ராஜதாஸுக்குப் பக்கவாதம் வந்தது வேலை மேசையில் இருக்கும்போதுதான். வலதுகையிலிருந்து ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் கம்பி நழுவி விழுந்ததைப் பக்கத்துப் பேக்கரிக்காரர் பார்த்து ஓடிவந்தார். உடனே ஆட்டோவில் ஏற்றியதால் உயிர் தப்பியது. சில மாதங்களில் நடக்கவும் தொடங்கினார். ஆனால் பேச்சு குழம்பிவிட்டது. சட்டை என்று சொல்ல நினைத்தால் சாவி என்று வரும். எண்களோ அடியோடு போய்விட்டன. காலண்டரைப் பார்த்தால் வெறும் கோடுகளும் வளைவுகளுமாகத் தெரிந்தன.

நெய்யாற்றின்கரையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் தன்யா படங்களைக் காட்டிப் பார்த்தாள். பூனை, குடை, வாழைப்பழம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சேச்சி, இவருக்கு இஷ்டமான சாதனம் ஏதாவது உண்டா? அதைக் கையில கொடுங்க" என்று அவர் மனைவி ஷீனாவிடம் சொன்னாள் தன்யா.

ஷீனா பூட்டிக்கிடந்த கடையைத் திறந்து, யாரும் திரும்ப வாங்காமல் விட்டுப்போன ரேடியோக்களையும் டேப் ரெக்கார்டர்களையும் ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அன்று மாலையே ராஜதாஸ் இடதுகையால் ஒரு திருகைக் கழற்றினார்.

ஒரு பெட்டியைத் திறந்ததும் அது எந்த வருஷம் செய்தது என்று பார்ப்பது அவருடைய பழைய வழக்கம். ஸ்பீக்கரின் முதுகிலும் வால்யூம் திருகும் பாகத்தின் மேலும் பல கம்பெனிகள் நான்கு இலக்கம் அச்சடித்திருக்கும். முதல் இரண்டும் வருஷம், அடுத்த இரண்டும் அந்த வருஷத்தின் எத்தனையாவது வாரம் என்பது. ஷீனாவுக்கும் அவர்தான் முன்பு எப்போதோ சொல்லியிருந்தார். இப்போது அவள் அந்த எண்களைச் சத்தமாகப் படிப்பாள். அவர் திருப்பிச் சொல்வார். இன்று வந்த எண் நாளை வராது. அவள் மறுபடியும் படிப்பாள்.

இப்படி இருக்கையில் ஒருநாள் அம்பூரியிலிருந்து ஜிஜி என்ற பெண் வந்தாள். துண்டில் பொதிந்து ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ கொண்டுவந்திருந்தாள். ரப்பர் வெட்டும் வேலை செய்த அவள் அப்பா சிவதாணு இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

"எனக்க அண்ணன் ஷிபு பிறந்தப்பம் அப்பன் வாங்கினதுன்னு எல்லாரும் சொல்லுவாவ. அவன் எழுபத்தஞ்சுல பிறந்தவன். அம்மையிட்ட கேட்டா, இல்ல மக்கா, உனக்கு வாங்கினதாக்கும்னு சொல்லுதா. அம்மைக்கு ஓர்மை கொறவு. என்னைச் சமாதானப்படுத்தச் சொல்லுதாளோன்னு ஒரு சந்தேகம். பெண்ணு பிறந்ததுக்கு அப்பன் சந்தோஷப்பட்டாரான்னு எனக்குத் தெரியாது அண்ணா" என்றாள். அவள் பிறந்தது எழுபத்தெட்டு ஓணத்துக்கு.

ராஜதாஸ் பின்மூடியைக் கழற்றினார். உள்ளே தெரிந்த கெப்பாசிட்டர் என்ற சிறு பாகத்தின் மேல் இருந்த எண்ணை ஷீனா குனிந்து படித்தாள். "எண்பத்திரண்டுன்னு இருக்கு."

ஜிஜியின் முகம் வாடிவிட்டது. "அப்பம் ரெண்டு பேருக்கும் வாங்கினது இல்ல."

"இல்ல, இல்ல... சாவி" என்றார் ராஜதாஸ். தவறான சொல் என்று அவருக்கே தெரிந்தது. தலையை உதறிவிட்டு அந்தக் கெப்பாசிட்டரின் அடியில் விரலை வைத்தார். அங்கே மட்டும் பற்றவைத்த ஈயம் பளபளவென்று உருண்டு நின்றது. சுற்றிலும் மற்ற இடங்களில் மங்கி, சிறிதாக, ஒரே அளவில் இருந்தது.

ஷீனாவுக்குப் புரிந்தது. "இது மட்டும் பின்ன மாத்தினதா?"

அவர் வேகமாகத் தலையாட்டினார். பிறகு பாகங்கள் பொருத்திய பலகையை மெல்ல நகர்த்தி, ஸ்பீக்கரின் முதுகில் படிந்த துருவைத் துடைத்தார். ஷீனா படிக்கக் குனிந்தாள். அவர் கையை நீட்டி அவளைத் தடுத்தார்.

"ஏ... ழு" என்றார். வியர்த்தது. "எட்டு." கொஞ்சம் நிறுத்தி, "மூணு. ரெண்டு."

வால்யூம் பாகத்திலும் எழுபத்தெட்டுதான் இருந்தது. அங்கே ஈயம் கம்பெனியில் வைத்தபடியே இருந்தது. ஷீனா விரல்விட்டு எண்ணிப்பார்த்துச் சொன்னாள்: "முப்பத்திரண்டாவது வாரம்னா ஆகஸ்ட்டு. ஓணத்துக்குக் கொஞ்சம் முன்ன செய்தது. உங்க அண்ணன் பிறந்தப்பம் இந்த ரேடியோவே கெடையாது ஜிஜி."

ஜிஜி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு அங்கிருந்தே அண்ணனைப் போனில் அழைத்து விஷயத்தைச் சொன்னாள். ஷிபு சிரித்தது எல்லோருக்கும் கேட்டது.

"அப்பம் நான் சின்னதுல உனக்க ரேடியோவுக்காக்கும் உங்கிட்ட அடிபிடிச்சேன்! நீயே வெச்சுக்கோ மக்கா. அம்மையிட்ட நான் சொல்லுதேன்."

போகும்போது ஜிஜி ராஜதாஸின் வலதுகையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். "நீங்க எனக்குத் தந்தது என்னன்னு உங்களுக்குத் தெரியாது அண்ணா" என்றாள். அவரும் அவளிடம் எதையோ சொல்லப் பார்த்தார், வரவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவராகவே நான்கு இலக்கம் படித்தது அன்றுதான் முதல்முறை.

அதன்பிறகு எண்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. வந்து நிற்கும் பஸ்ஸின் எண்ணைப் படித்தார், போனில் வெளியூரில் இருக்கும் மகளின் எண்ணைத் தானே அழுத்தினார். பேச்சு இன்னும் முழுதாக வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறு. சபையில், கடவுள் செய்த நன்மைகளை எழுந்து சாட்சி சொல்லும் நேரம். ராஜதாஸ் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். போதகர் மைக்கைக் கொண்டுவந்து கொடுத்தார். எல்லோரும் ஸ்தோத்திரம் என்ற சொல்லை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள்.

"ஷீனா" என்றார் அவர். தடுமாற்றமே இல்லை. "நன்றி."

பெண்கள் பக்கம் சிரிப்பெழுந்தது. போதகரும் சிரித்தபடி ஆமென் என்றார். ஷீனா முந்தானையில் முகத்தை மறைத்துக்கொண்டாள்.